குடை பிடிப்பவர் இரண்டாமவரா?

ஜூன் 2, திங்கள்

சட்டக் கல்லூரியில் வகுப்பெடுத்த காலத்தில், கரும்பலகையின் இடது மூலையில் அன்றைய பாடத்தை எண் போட்டு எழுதிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். இல்லாவிட்டால் நாக்குக் குழறும். இப்போது மனம் குழறுகிறது. ஆகவே நாட்குறிப்புக்கும் அதே வழி. வரும் நாட்களில் நான் எழுதி நிறுவ வேண்டியவை:

1. தனி ஒருவர் நின்று எதிர்ப்புத் தெரிவித்தால் அது சட்டத்தின் கண்ணில் கூட்டம் ஆகாது. கூட்டத்துக்குக் குறைந்தது இருவர் வேண்டும்.

2. கூட்டம் இல்லை என்பதால் அவருக்குப் பாதுகாப்பே இல்லை என்று ஆகிவிடாது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் கூடும் உரிமையைச் சொல்லும் 21-ஆம் பிரிவு கைவிட்டாலும், கருத்துரிமையைச் சொல்லும் 19-ஆம் பிரிவு கைகொடுக்கும்.

3. ஆகவே அவர் யாருக்கும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியதில்லை.

4. அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் இரண்டாமவர். அவர் வந்த கணமே அது கூட்டம்.

5. இதையெல்லாம் நான் எழுதுவது சட்டத்தின் மேலுள்ள ஆர்வத்தால் மட்டுமே.

அந்தத் தனி ஒருவர் என் மனைவி.

பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆஸ்பத்திரியின் பக்கவாசல் பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. டாக்டர்களின் கார்களை நிறுத்த இடம் வேண்டும் என்று அதைப் பூட்டிச் சங்கிலி போட்டுவிட்டார்கள். பஸ்ஸில் வருகிற நோயாளிகள் இப்போது மதிற்சுவரை முழுக்கச் சுற்றி முன்வாசலுக்குப் போக வேண்டும். டயாலிசிஸுக்கு வரும் ஒரு தையல்காரப் பெண்மணி அப்படிச் சுற்றிப் போகும்போது பாதி வழியில் மயங்கி விழுந்தாள். தன் முழங்கால் வலிக்கு மருந்து வாங்கப் போன என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலையில் சுவரிலிருந்த காலண்டரை எடுத்து, அதன் அட்டையின் பின்பக்கத்தில் ‘இந்தக் கதவைத் திறங்கள்’ என்று எழுதிக்கொண்டு போய் அந்த வாசல் முன்னால் நின்றாள். யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. வீட்டிலேயே ஒரு சட்டம் படித்தவன் இருக்கிறான் என்ற நினைப்பும் வரவில்லை. நான் செய்தது ஒன்றுதான். வெறும் ஆணியைப் பார்த்து, “காலண்டர் எங்கே?” என்று கேட்டேன். யாரோ ஒருவர் அவளுக்குக் குடை பிடிப்பதாகத் தெருவில் சொல்லித்தான் தெரிந்தது.

கல்லூரி மலருக்காக நான் எழுதிவரும் கட்டுரையின் தலைப்பு: ‘தனிமனித எதிர்ப்பும் மனித உரிமைச் சட்டமும்’. வருடக்கணக்காக இரண்டாம் பகுதியிலேயே நிற்கிறது. அவள் ஒரே காலையில் முடிவுரைக்குப் போய்விட்டாள். என் தலைப்பில் போய் அவள் நிற்கிறாள்!

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் போனாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது எதையோ நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். என்னவென்று நான் கேட்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

கேட்டேன்.

அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர். ‘சைரன்’ என்று கூப்பிடுவார்களாம். வண்டியால் வந்த பெயர் என்று நினைத்தேன். இல்லை, சிரிப்பால் வந்த பெயராம். அவர்தான் தினமும் வந்து இவளுக்குக் குடை பிடிக்கிறார்.

“சைரன் என்ன சொன்னார் தெரியுமா? ‘சிஸ்டர், அந்தக் காலத்துல எமனும் நானும் இந்தக் கேட்டுக்குத்தான் போட்டி போட்டு வருவோம். நான் ஒரு நிமிஷம் முந்திடுவேன். இப்ப அவனும் சுத்தித்தான் வரணும், பாவம்!’ னு சொல்றார்.” சொல்லி முடிப்பதற்குள் மறுபடி சிரித்தாள்.

நானும் சிரித்தேன். தாமதமாகச் சிரித்தேன் போலிருக்கிறது, அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

என் வகுப்பில் யாரும் சிரித்ததாக நினைவில்லை. நான் நகைச்சுவை சொல்லவில்லையா, சொன்னது அவர்களுக்குத் தெரியவில்லையா?

ஜூன் 6, வெள்ளி

மகள் போனில் பேசினாள். “அப்பா, அம்மா போட்டோவை எல்லாரும் ஷேர் பண்றாங்க! என் ஆபீஸ்ல கூடப் பார்த்தாங்க. நீங்க போய்ப் பார்த்தீங்களா?”

“கட்டுரை வேலை இருக்கும்மா.”

“என்ன கட்டுரைப்பா?”

அவளுக்கும் தெரியாது.

ஜூன் 9, திங்கள்

செய்தித்தாளில் படம் வந்திருக்கிறது. பூட்டிய வாசல், அட்டையோடு என் மனைவி, அவள் தலைக்கு மேல் பெரிய குடை, குடைக்குக் கீழே பல் முழுக்கத் தெரிய அந்த மனிதர். படத்தின் அடியில்: ‘கணவர் குடை பிடிக்க, கதவைத் திறக்கக் கோரும் ஓய்வுபெற்ற நர்ஸ்.’

கணவர்.

மாடி வீட்டுக்காரர் பேப்பரைக் கையிலேயே கொண்டு வந்தார். “சார், போட்டோல உங்களை அடையாளமே தெரியல! முடியெல்லாம் கருகருன்னு இருக்கு, என்ன டை போடுறீங்க?” என்றார். வேண்டுமென்றே கேட்டாரா, கண் தெரியவில்லையா என்று இந்த நிமிடம் வரை முடிவு செய்ய முடியவில்லை.

அவளிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, “கேக்காமலே போட்டுட்டான் பாருங்க. விடுங்க” என்றாள்.

விட்டேன். விட்ட மாதிரி இருந்தேன்.

பிறகு நகர ஒழுங்கு விதியை எடுத்து ஒருமுறை படித்தேன். பொது இடத்தில் ஒரே நோக்கத்தோடு இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து நின்றால் அது கூட்டம். ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். கொடுக்காதவர்களுக்கு அபராதம், ஓராண்டுக்கு அந்த இடத்தில் நிற்கத் தடை. அடிக்கோடு போட்டேன். கோடு நேராக வந்தது. அதையும் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

கடும் வெயில். வாசலில் கட்டைவிரல் தடிமனுக்குச் சங்கிலி. உள்ளே வரிசையாகக் கார்கள். அவள் நேராக நின்றிருந்தாள், வார்டில் டாக்டர் வரும்போது நிற்பதைப் போல. பக்கத்தில் அவர். கடற்கரையில் விரிக்கிற மாதிரி ஒரு குடை. முழு நிழலும் அவள் மேல். அவருடைய பாதித் தோள் வெயிலில் இருந்தது. அதைக் கவனித்ததும்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏன், இரண்டு பேருக்கும் போதுமான குடைதானே அது?

“வாங்க சார், வாங்க!” என்றார் சைரன், அது தன் வீட்டு வாசல் என்பதைப் போல.

“நீங்க இங்க நிக்கக் கூடாது” என்றேன்.

“ஏன் சார்?”

“நீங்க நின்னா இது கூட்டம். ரெண்டு பேர், ஒரே நோக்கம். ஏழு நாள் முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கணும். கொடுத்தீங்களா?”

“நான் சும்மா குடைதானே சார் பிடிக்கிறேன்?”

“குடை பிடிக்கிறதும் பங்கெடுக்கிறதுதான். சட்டப்படி நீங்க இவங்களோட சேர்ந்தவர்!”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. உரத்து வந்தது, கோவையாக வந்தது. அவள் மெதுவாக, “என்னங்க, போதும்” என்றாள். வாசலுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி செக்யூரிட்டி ஆபீசர் எழுந்து வந்தார். கையில் போன்.

“சார், நல்லா சொன்னீங்க. அதை இன்னொரு வாட்டி சொல்லுங்களேன்?”

சொன்னேன். ஐயோ, சொன்னேன். யார் ‘இன்னொரு வாட்டி’ என்று கேட்டாலும் நிறுத்தி, தெளிவாக, குறிப்பெடுக்கிற வேகத்தில் திரும்பச் சொல்வது என் வாழ்நாள் பழக்கம். இரண்டாம் முறை விதியின் எண்ணையும் சேர்த்துச் சொன்னேன். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நன்றி சொன்னார்.

ஜூன் 11, புதன்

நோட்டீஸ் வந்துவிட்டது. காவலர் ஒருவர் கொண்டு வந்து கொடுத்தார். அனுமதியில்லாமல் கூட்டம் கூட்டியது. முதல் பெயர் அவளுடையது. இரண்டாம் பெயர் அவருடையது. நிரூபணமானால் ஓராண்டு அவள் அந்த வாசல் பக்கமே நிற்க முடியாது.

சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள், இருவர் பெயரையும், ஒன்றன்கீழ் ஒன்றாக. என் பெயர் எங்கும் இல்லை. அதுவும் உறுத்துகிறது. நான் என்ன மனிதன்?

அவள் நோட்டீஸை மடித்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“நீங்க பேசுறப்ப எல்லாம் சட்டம் தெரிஞ்சவர்னு மனசுக்குள்ள பெருமையா இருக்கும். அந்தச் சட்டத்தைக் கொண்டு போய் எங்க வெச்சீங்க பாத்தீங்களா? அவன் போன்ல.”

“நான் உன் நல்லதுக்குத்தான்...”

“அந்தத் தையல்காரம்மா நேத்தும் சுத்தித்தான் போனாங்க. நடுவுல ரெண்டு இடத்துல உக்காந்துட்டுப் போனாங்க. அவங்க கிட்டச் சொல்லுங்க, யாரு நல்லதுக்குன்னு.”

ஜூன் 13, வெள்ளி

“உப்பு போதுமா?” “போதும்.” இன்றைய மொத்தப் பேச்சு.

விசாரணை முடியும்வரை அவள் வாசலுக்குப் போவதாக இல்லை. அட்டை காலண்டர் ஆணிக்குக் கீழே சுவரைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி.

சட்டப்படி நான் சொன்னது சரியா, தவறா? சரி என்றே இப்போதும் படுகிறது. சேர்ந்து நிற்பவர் சேர்ந்தவர்தானே? ஆனால் சரியானதைச் சொன்னேன் என்பதற்காக நான் சொல்லவில்லையே. அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஜூன் 16, திங்கள்

சைரன் வீட்டுக்கே வந்துவிட்டார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார்.

“சார், வக்கீல் எல்லாம் வேணாம். நீங்களே எழுந்து பேசிடுங்க.”

“நான் கோர்ட்ல நின்னதே இல்லைங்க. பாடம் எடுத்தவன், அவ்வளவுதான்.”

“நானும்தான் இத்தனை வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினேன், ஒரு நாளும் பின்னாடி படுத்ததில்ல. ஆனா ஆஸ்பத்திரிக்கு வழி தெரியும்ல?”

உள்ளே அவள் சிரித்தது கேட்டது. இந்த வீட்டில் பல நாட்களுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு, அதையும் அவர்தான் கொண்டு வந்தார், பிஸ்கட்டோடு சேர்த்து. டீயையும் முதலில் அவருக்குத்தான் கொடுத்தாள். விருந்தாளிக்கு முதலில் கொடுப்பதுதான் முறை. தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன்.

கல்யாணம் ஆகாதவராம். அது எனக்கு இன்றுதான் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

குறிப்புத் தயாரித்தேன். கிழித்தேன். மறுபடி தயாரித்தேன். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, “மாண்புமிகு” என்று ஆரம்பித்துப் பார்த்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் பேசினேன். வாளி நிரம்பி வழிந்தது. அவள் வெளியிலிருந்து, “தண்ணிக்கும் சேத்து அபராதம் கட்டணுமா?” என்றாள்.

என்னிடம் பேசிய வாக்கியம். கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

விசாரணை முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

சின்ன அறை. மின்விசிறி சுற்றும்போது காகிதங்கள் எழுந்து எழுந்து படுத்தன. நீதிபதி ஒரு பெண்மணி, என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். சட்டைப் பையிலிருந்த குறிப்பை எடுத்தேன். பட்டியலின் முதல் மூன்றையும் சொன்னேன்.

தனியாக நிற்பவர் கூட்டம் அல்ல, ஆகவே கூட்டத்துக்கான முன்னறிவிப்பு விதி அவரைத் தொடாது. அதே சமயம் அவர் சட்டத்துக்கு வெளியே விழுந்துவிடுவதும் இல்லை. நம் நாடும் கையெழுத்திட்ட உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் குழு, கூட்டம் என்றால் ஒருவருக்கு மேல் என்று சொல்லிவிட்டு, தனியாக எதிர்ப்பவருக்கும் அதற்கு ஒப்பான பாதுகாப்பு உண்டு, உதாரணமாக 19-ஆம் பிரிவின் கீழ், என்று விளக்கியிருக்கிறது. வழியை மறிக்காமல், யாரையும் மிரட்டாமல், ஒரு அட்டையோடு நிற்கும் பெண்ணை அப்புறப்படுத்த வலுவான காரணம் வேண்டும். கார் நிறுத்துவது அப்படிப்பட்ட காரணம் ஆகாது.

குழறவில்லை. நீதிபதி குறித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

“சரி. ஒருத்தர் நின்னா நீங்க சொல்றது பொருந்தும். ஆனா கேஸே ரெண்டு பேர் நின்னாங்கன்னுதான். குடை பிடிச்சவரும் சேர்ந்தவர்னு சொன்னது யாரு?”

செக்யூரிட்டி ஆபீசர் போனை உயர்த்திக் காட்டினார்.

“நான்தாங்க” என்றேன்.

“சட்டம் கத்துக்கொடுத்தவர் நீங்க. எந்த அடிப்படையில சொன்னீங்க?”

குறிப்பைப் பார்த்தேன். அதில் இதற்குப் பதில் இல்லை. பின்பக்கம் திருப்பினேன். வெற்றுத்தாள்.

“அடிப்படை ஒண்ணும் இல்லைங்க. பொறாமை.”

விசிறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. “என்ன சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

சொன்னேன். என் பழக்கம் என்னை அங்கேயும் விடவில்லை. நிறுத்தி, தெளிவாக, பின்வரிசைக்கும் கேட்கும்படி:

“பொறாமைங்க. பேப்பர்ல இவரைப் போட்டுக் கணவர்னு எழுதிட்டாங்க. எனக்குத் தாங்கல. இவரை அங்கேருந்து துரத்தணும், அதுக்குக் கையில கிடைச்சது சட்டம். நான் அன்னைக்குச் சொன்னதை ஒரு சட்டக் கருத்தா தயவுசெய்து எடுத்துக்காதீங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். சைரன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். நீதிபதி கோப்புக்குள் குனிந்து ரொம்ப நேரம் எதையோ தேடினார். என் மனைவியை நான் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியம் அதோடு தீர்ந்துவிட்டது.

நீதிபதி சைரனிடம் கேட்டார். “அட்டையில என்ன எழுதியிருந்தது?”

“எப்படிம்மா தெரியும்? எழுத்து அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சிஸ்டருக்கு வெயில் ஆகாது, அது தெரியும்.”

தள்ளுபடி. அவள் தனியாக நின்றதாகவே கொள்ள வேண்டும், அப்படி நிற்பது அவளுடைய கருத்துரிமை, முன்னறிவிப்புத் தேவையில்லை, தடையும் இல்லை. குடை பிடிக்கிறவர் குடை பிடிக்கலாம். அவரும் அட்டை பிடித்தாலோ, கோரிக்கை தனதும்தான் என்று சொன்னாலோ, அப்போது அது கூட்டம்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். இரண்டு நிறுத்தம் தாண்டிக் கேட்டாள்.

“இத்தனை பேர் முன்னாடி அப்படியா சொல்றது?”

“கேட்டாங்க. சொன்னேன்.”

“எப்பலேருந்து?”

“காலண்டர் காணாமப் போன நாள்லேருந்து.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். சைரனுக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை இது, அதைவிடச் சின்னது. ஆனால் இதற்கு நான்தான் காரணம்.

ஜூன் 25, புதன்

பட்டியலில், ‘சட்டத்தின் மேலுள்ள ஆர்வத்தால் மட்டுமே’ என்ற ஐந்தாவது குறிப்பை அடித்துவிட்டேன். கோர்ட்டிலேயே விழுந்துபோனதை இங்கே தாங்கிப் பிடிப்பதில் பொருளில்லை.

ஜூன் 27, வெள்ளி

அவள் தீர்ப்பும் வந்துவிட்டது. “செவ்வாயும் வெள்ளியும் சைரன் வருவார். மத்த நாள் நீங்க வாங்க. ஒருத்தர்தான் நிக்கணும், ரெண்டு பேரும் சேந்து வந்து எனக்கு இன்னொரு நோட்டீஸ் வாங்கித் தராதீங்க.”

செவ்வாய் வேண்டாம், வெள்ளி மட்டும் அவருக்குப் போதாதா என்று கேட்கலாமா? கேட்கவில்லை. இன்று வெள்ளி.

ஜூலை 2, புதன்

சனி, ஞாயிறு அவள் நிற்பதில்லை. திங்களன்று மழை, போகவில்லை. ஆக இன்றுதான் என் முதல் நாள்.

நம் வீட்டுக் குடை சின்னது. பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். எழுத்து அந்தப் பக்கம். சங்கிலி அப்படியே இருக்கிறது. தையல்காரப் பெண்மணி பஸ்ஸிலிருந்து இறங்கி, இவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றுவழியில் நடந்தாள்.

செக்யூரிட்டி ஆபீசர் வந்தார். போன் கையில்.

“சார், இப்பச் சொல்லுங்க. நீங்க சும்மா குடை பிடிக்க வந்தவரா? இல்ல, உங்களுக்கும் இந்தக் கதவு திறக்கணுமா?”

கேள்வி எவ்வளவு அழகாக இருக்கிறது! என் கட்டுரையில்கூட இவ்வளவு கூர்மையாகக் கேட்டதில்லை. ‘எனக்கும்தான்’ என்று சொன்னால் போதும். இவளோடு சேர்ந்தவன் நான் என்று அரசாங்கமே பதிவு செய்யும், அடுத்த நோட்டீஸில் இவள் பெயருக்குக் கீழே என் பெயர் வரும், யாரும் மாற்றிப் போட முடியாது. இவளும் ஓராண்டுக்கு இங்கே நிற்க முடியாது.

அவள் திரும்பவில்லை. அட்டையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின.

“சும்மா குடை பிடிக்கத்தாங்க வந்தேன்” என்றேன். “அவங்க தனியாத்தான் நிக்கிறாங்க.”

“இன்னொரு வாட்டி சொல்லுங்க?”

சொன்னேன். தெளிவாக.

அவர் போய்விட்டார். அதன் பிறகு என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். கதவைப் பற்றி நினைக்கவில்லை. சட்டத்தைப் பற்றியும் நினைக்கவில்லை. வெயில் நகர்ந்துகொண்டே இருக்கிறது, நிழல் வழுக்கிக்கொண்டே போகிறது, அவளுடைய இடது தோளில் ஒரு கீற்று வெயில் விழுந்துவிடுகிறது. கையை மாற்ற வேண்டும், அரை அடி நகர வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். என் பாதித் தோள் வெயிலில் இருந்தது வீட்டுக்கு வந்து எரிந்தபோதுதான் தெரிந்தது. இவ்வளவு வேலை இருக்கும்போது எவனுக்கு எதிர்ப்புத் தெரிவிக்க நேரம்?

அப்படியானால் அந்த மனிதரும் இத்தனை நாள் இந்தத் தோளைத்தான்... வேண்டாம். நாளை மறுநாள் வெள்ளி. அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

பட்டியலின் நான்காவது குறிப்பு தவறு. குடை பிடிப்பவர் இரண்டாமவர் அல்ல.